அம்மா எருசலேமுக்குப் போகலாம், சீனாய் மலையை விட்டுவிடுங்கள்

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 72 வயது. பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சீனி வருத்தம். பிறஷரும் இருக்கிறது. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். சீனிக்கு மெற்போமின், கிளிக்கிளசைட், பிறஷருக்கு லொசார்ட்டன், சலம் போவதற்கான குளிசை, இரவில் இன்சுலின் ஊசி, இவைதான் மருந்துகள். முழங்கால் நொந்தால் பாமசியில் வாங்கி ஏதாவது போடுவா. எங்கள் பங்கிலிருந்து ஒக்டோபரில் யோர்தான், இஸ்ரேல், பலஸ்தீனம், எகிப்து என்று பதினொரு நாள் யாத்திரை போகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பிவிட்டார். அக்கா கூடவே கூடாது என்று நிற்கிறா. அம்மாவோ 'ஆண்டவர் நடந்த மண்ணில் செத்தாலும் எனக்குப் பரவாயில்லை' என்கிறா. வருத்தங்களைச் சொன்னால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று, கூட்டிப் போகிறவர்களிடம் எங்களைச் சொல்லவும் விடுகிறா இல்லை. போகலாமா, கூடாதா? பயணத்திட்டத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.
மானிப்பாயிலிருந்து ஒரு மகள்

பதில்: கடிதத்தோடு பயணத்திட்டத்தையும் வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. வெளிநாட்டுக்குப் போகுமுன் என்னிடம் வருகிறவர்கள் இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அங்கே எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள், சாப்பாடு எப்போது என்று கேட்டால் 'அதெல்லாம் பாதருக்குத்தான் தெரியும்' என்பார்கள். பாதருக்கு அம்மாவின் முழங்காலைத் தெரியாது. எனக்குப் பயணத்திட்டம் தெரியாது. இப்படி இரண்டு பக்கமும் தெரியாமல்தான் பலர் விமானம் ஏறுகிறார்கள்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அம்மா போகலாம். ஆனால் இந்தத் தாளில் உள்ளபடி போக முடியாது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் நடக்கும்போது நெஞ்சு இறுக்குகிறது, இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது, கால் வீங்குகிறது என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு நேரே கிளினிக்குக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், பயணத்துக்கு ஆறு கிழமைக்கு முன்னர் ஈசிஜி, சிறுநீரகத்துக்கான கிரியற்றினின், மூன்று மாதச் சராசரிச் சீனி காட்டும் ஹெச்பிஏ1சி, கண், பாதம் எல்லாம் பார்த்திருக்க வேண்டும். பாதம் பார்க்கச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். யாத்திரை போவது பாதத்தால்தானே.

நான் சைவக்காரன். ஆனால் முன்னொருமுறை ஒரு பங்கு யாத்திரைக் கோஷ்டியோடு துணை வைத்தியராக இதே பாதையில் போய் வந்தவன். ஆகவே வேதாகமம் பற்றி நான் ஏதும் சொல்லப் போவதில்லை. படிகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அம்மா வருடா வருடம் ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போய் வருகிறவர் என்றால், 'மடுக் காட்டில் கூடாரம் அடித்துக் கிடந்தவளுக்கு இது என்ன பெரிய விஷயம்' என்று சொல்லக்கூடும். நான் பார்த்த பல அம்மாக்கள் சொன்ன கதைதான் அது. ஆனால் மடு சமதரை. யாழ்ப்பாணமும் சமதரை. எங்கள் குடாநாட்டில் பிறந்து வளர்ந்த முழங்காலுக்கு ஏற்றம் இறக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. எருசலேம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீற்றர் உயரத்தில், குன்றுகளின் மேல் இருக்கிற நகரம். அங்கே பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் ஏறவோ இறங்கவோ வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கூடுதல் வேதனை. இது தெரியாமல் 'இறக்கம்தானே, மெல்ல நடப்பம்' என்று கிளம்பியவர்கள் பாதி வழியில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன்.

அதனால் இன்றைக்கே பழக்கத் தொடங்குங்கள். கிழமையில் நான்கைந்து நாள், காலை வெயில் ஏறுமுன், அரை மணித்தியால நடை. மானிப்பாயில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளத்துக்கு ஏறும் சரிவு போதும். மாடி வீடுள்ள சொந்தக்காரர் இருந்தால் அந்தப் படிக்கட்டு இன்னும் நல்லது. அம்மா கையில் ஒரு பொல்லு இருக்கட்டும். பொல்லை நோகிற காலின் பக்கத்தில் பிடிக்கக் கூடாது, எதிர்ப் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். இடது முழங்கால் என்றால் வலது கை. புதுச் சப்பாத்தையும் இந்த நாட்களிலேயே போட்டுப் பழக வேண்டும். விமான நிலையத்தில் புதுச் சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுகிற அம்மாவுக்கு மூன்றாம் நாள் கொப்புளம் வரும். சீனி வருத்தக்காரருக்குக் கொப்புளம் சின்ன விஷயம் அல்ல.

இனித் திட்டத்தைப் பார்ப்போம். முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு எட்டு மணித்தியாலம், விடிய இறங்கி நேரே கட்டுநாயக்கா, பிறகு வளைகுடாவில் மாறி அம்மான். நாற்பது வயதுக்காரருக்கே கால் வீங்கும். ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு படுத்து எழும்பட்டும். அண்ணாவின் காசில் நான் செய்யச் சொல்லும் முதல் செலவு இதுதான். விமானத்தில் ஓரத்து இருக்கை கேளுங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி ரொயிலெற் வரை நடந்து வர வேண்டும். இருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். நெடுநேரம் அசையாமல் இருந்தால் கெண்டைக்கால் நாளத்தில் இரத்தம் உறையலாம். விமான நிலையங்களில் வீல் செயார் உதவிக்கு ரிக்கெற் போடும்போதே சொல்லி வையுங்கள். அதற்குக் காசு இல்லை. வீல் செயார் கேட்டால் ஏற்றமாட்டார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. அது வீண் பயம்.

யோர்தானில் நேபோ மலை. கவலை வேண்டாம், பஸ் கிட்டத்தட்ட உச்சி வரை போகும். எல்லைப் பாலத்தில்தான் சிரமம். பெட்டிகளை இறக்கி ஏற்றி, வரிசையில் நின்று, கேள்விக்குப் பதில் சொல்லி, சில நாட்களில் மணிக்கணக்கில் போகும். அன்று மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. கிளிக்கிளசைட் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் நிற்பதுதான் அம்மாவுக்கு இந்த யாத்திரை முழுவதிலும் உள்ள பெரிய ஆபத்து. மெற்போமின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்கிளசைட்டும் இன்சுலினும் இறக்கும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழம்பினால் அது களைப்பு அல்ல. மூன்று நான்கு தேக்கரண்டி சீனியோ குளுக்கோசோ தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொருமுறை. தெளிந்த பிறகு பாண், பிஸ்கற் ஏதாவது. மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அம்மாவோடு அறையில் படுப்பவருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். குளுக்கோஸ் பக்கற் அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும், பஸ்ஸின் அடியில் உள்ள பெட்டியில் அல்ல.

கலிலேயாப் பக்கம் அம்மாவுக்கு நல்ல நாட்கள். கப்பர்நாகூம் சமதரை. பேதுருவின் மாமியாரின் காய்ச்சல் சுகமான ஊர் என்பதால் எனக்கும் அதில் ஒரு விருப்பம். மலைப்பொழிவு மலைக்குப் பஸ் போகும். தாபோர் மலைக்குப் பெரிய பஸ் போகாது, அடிவாரத்தில் சிறிய வாகனத்துக்கு மாற்றுவார்கள். படகில் ஏறும்போது மட்டும் ஒருவர் கை கொடுக்க வேண்டும். கடல் என்று நாங்கள் சொன்னாலும் அந்த ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. ஒக்டோபரிலும் வெயில் சுடும். கானாவில் திராட்சை இரசம் கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது, போத்தல் வாங்கி வைத்துக் குடிக்க வேண்டாம்.

எரிகோவும் சாக்கடலும் ஒரே நாளில் வருகின்றன. சாக்கடல் கடல் மட்டத்துக்கு 430 மீற்றருக்கும் கீழே இருக்கிறது. அதன் நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பு. எல்லாரும் மிதந்து படம் எடுப்பார்கள், அம்மாவுக்கும் ஆசை வரும். நான் வேண்டாம் என்றே சொல்வேன். கரையில் உப்புப் பளிங்கு கண்ணாடித் துண்டு மாதிரி வெட்டும். சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவருக்கு வெட்டியது தெரியாது. முகம் குப்புறத் திரும்பிவிட்டால் வயதானவரால் தானாக நிமிர்வது கடினம். அந்தத் தண்ணீரை விழுங்கினால் உடம்பின் உப்புச் சமநிலையே குழம்பிப் போகும். கரையில் கதிரை போட்டு, சப்பாத்தோடு இருந்து பார்க்கட்டும். அன்று பின்னேரமே எருசலேம் பக்கம் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் 1,000 மீற்றருக்கு மேல் உயரம் மாறும். காது அடைக்கும், குளிரும். ஒரு சுவெற்றர் கையில் இருக்க வேண்டும்.

பெத்லகேமில் பிறப்பு ஆலயத்துக்குள் நுழைகிற வாசல் ஏறத்தாழ நான்கு அடிதான் உயரம். எல்லாரும் குனிந்துதான் போக வேண்டும். அதை அம்மா சமாளிப்பார். குகைக்குள் இறங்கும் படிகள்தான் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், வரிசையில் பின்னால் ஆட்கள் நெருக்குவார்கள். வெள்ளி நட்சத்திரத்தை முழந்தாளில் இருந்து முத்தமிடாமல் எங்கள் அம்மாக்கள் திரும்பமாட்டார்கள். இருக்கலாம். ஆனால் எழும்புவதற்கு ஒரு ஆள் வேண்டும். கூட்டம் தாங்க முடியாத நாளாக இருந்தால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் புனித கத்தரீனாள் ஆலயத்தில் இருந்து செபிக்கட்டும். நத்தார் நள்ளிரவுப் பூசை நடப்பது அங்கேதான்.

ஒலிவ மலை நாளின் திட்டத்தில் கட்டாயம் கை வைத்து மாற்ற வேண்டும். திட்டத்தில் 'குருத்து ஞாயிறுப் பாதையில் நடந்து கெத்சமனியை அடைதல்' என்று போட்டிருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது செங்குத்தான இறக்கம். அம்மா பஸ்ஸிலேயே இருந்து கீழே கெத்சமனியில் இறங்கட்டும். ஒலிவ மரங்களும் ஆண்டவர் செபித்ததாகச் சொல்லும் பாறையும் அங்கே பாதையோரத்திலேயே இருக்கின்றன. மற்றவர்கள் நடந்து வந்து சேரும்வரை ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம்.

சிலுவைப்பாதை, அதாவது வியா டோலோறோசா, தூரம் என்று பார்த்தால் 600 மீற்றர் அளவுதான். ஆனால் கல் பாவிய ஒடுங்கிய சந்தைத் தெரு, இடையிடையே படிகள், மினுங்குகிற கல், தள்ளுவண்டிகள். இதில் வீல் செயார் தள்ள நினைக்காதீர்கள். பதினான்கு நிலைகளில் கடைசி ஐந்தும் கல்லறை ஆலயத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே ஒரு யோசனை. அம்மாவையும் அம்மாவைப் போன்ற வேறு சிலரையும் யாப்பா வாசல் பக்கமாக மெல்ல ஆலயத்துக்குக் கூட்டிப்போய் அங்கே மற்றவர்களுக்காகக் காத்திருக்கச் செய்யலாம். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் கல்வாரிக்கு ஏறும் படி இருக்கிறது. ஏணியைப் போல நிமிர்ந்த படி. அம்மாவால் முடியாவிட்டால் மனம் உடையத் தேவையில்லை. அந்தப் படிக்குக் கீழே, ஆதாமின் சிற்றாலயம் என்று ஒன்று இருக்கிறது. கல்வாரிப் பாறையின் பிளவைக் கண்ணாடிக்குப் பின்னால் அங்கிருந்தே காணலாம். மேலே தொடுவதும் கீழே காண்பதும் ஒரே பாறைதான். ஆண்டவரின் உடலைக் கிடத்திப் பூசியதாகச் சொல்லப்படும் கல்லும், கல்லறையும் தரைத்தளத்தில்தான். கல்லறைக்கான வரிசையில் ஒரு மணித்தியாலமும் நிற்க நேரலாம். மடிக்கிற சின்னக் கதிரை ஒன்று இங்கிருந்தே கொண்டு போங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இப்போது சீனாய். இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டு 2,285 மீற்றர் உயரத்துக்கு ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்ப்பதாகத் திட்டத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று மணித்தியால ஏற்றம், இருட்டு, உச்சியில் கடுங்குளிர். ஒட்டகத்தில் போகலாம் என்று ஆசை காட்டுவார்கள். ஒட்டகம் பாதி வேலைதான் செய்யும். கடைசி 750 படிகளைக் காலால்தான் ஏற வேண்டும். ஏறியதெல்லாம் இறங்கவும் வேண்டும். இரவு இன்சுலின் போட்டுவிட்டு, நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல் இந்த ஏற்றம் ஏறினால் சீனி எங்கே போய் நிற்கும் என்று எனக்கே சொல்லத் தெரியாது. இதற்கு என் பதில் கூடாது என்பதுதான், பேரம் இல்லை. மோசே 120 வயதிலும் நேபோ மலை ஏறினார், கண் மங்கவில்லை, பலம் குறையவில்லை என்று வேதத்தில் இருப்பதாக அம்மா சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அவருக்கு முழங்கால் தேய்ந்திருந்ததாக எங்கும் எழுதவில்லை. மலையடிவாரத்தில் புனித கத்தரீனாள் மடம் இருக்கிறது, ஆறாம் நூற்றாண்டில் கட்டியது. எரியும் முட்செடி என்று காட்டுவது அந்த மடத்துக்குள்தான். அம்மா இரவு நன்றாக நித்திரை கொண்டு, காலை சாப்பிட்டுவிட்டு மடத்தைப் பார்க்கட்டும்.

கெய்ரோவில் கவனிக்க வேண்டியது வயிறு. மூடி திறக்காத போத்தல் தண்ணீர் மட்டும். வெட்டி வைத்த சலாட், ஐஸ் கட்டி வேண்டாம். வாந்தியோ வயிற்றோட்டமோ தொடங்கி, சாப்பாடும் தண்ணீரும் தங்காமல் போனால் மெற்போமின், லொசார்ட்டன், சலக் குளிசை மூன்றையும் அந்த நாட்களுக்கு நிறுத்த வேண்டியிருக்கும். உடம்பில் நீர் வற்றும்போது இவை சிறுநீரகத்துக்குச் சுமை. இன்சுலினைத் தன்பாட்டில் நிறுத்தக் கூடாது, சீனியைப் பார்த்துப் பார்த்து வைத்தியரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். இந்த விபரத்தை உங்கள் கிளினிக் டொக்டரிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனியும் நான்கைந்து பக்கற் போகட்டும்.

மருந்தில் இரண்டு விஷயம். 'பாமசியில் வாங்கி ஏதாவது போடுவா' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நித்திரை வராத வரி அது. அந்த 'ஏதாவது' டைக்குளோபெனாக் என்றால், அது லொசார்ட்டனோடும் சலக் குளிசையோடும் சேர்ந்து, தண்ணீர் குடிக்காத உடம்பில் சில நாட்களிலேயே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். பரசிற்றமோல் போடட்டும், முழங்காலில் பூசுகிற ஜெல் பூசட்டும். அந்த 'ஏதாவது' ட்ரமடோல் என்றால் வேறு பிரச்சினை. எங்கள் ஊரில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கிற அந்தக் குளிசை எகிப்தில் கடுங்கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. 2017இல் ஒரு பிரித்தானியப் பெண் ட்ரமடோல் குளிசைகளோடு அங்கே விமான நிலையத்தில் பிடிபட்டு மூன்று வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அம்மாவின் பையை நீங்களே ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 'முழங்காலுக்கு நல்லது' என்று கொடுத்தனுப்பிய குளிசையும் அதில் இருக்கும்.

எல்லா மருந்தும் விமானத்துக்குள் கொண்டுபோகிற பையில். இன்சுலினைப் பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். ஹோட்டல் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் தட்டை ஒட்டி வைத்தாலும் அதே கதி, வெயிலில் நிறுத்திய பஸ்ஸில் விட்டாலும் கெட்டுவிடும். பாவிக்கிற பேனாவைக் கைப்பையில் சாதாரண அறை வெப்பத்தில் வைத்திருக்கலாம், ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும். நேர வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒக்டோபரில் அங்கே எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கும். அங்கத்தைய படுக்கை நேரத்துக்கு ஊசியைப் போட்டால் சரி. குளிசைகளின் உண்மைப் பெயரும் அளவும் எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்று, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களின் பிரதி, இரண்டும் கட்டாயம். மருந்து பதினொரு நாளுக்கு அல்ல, இன்னும் இரண்டு கிழமைக்குச் சேர்த்துக் கொண்டு போங்கள். 2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சண்டை மூண்டபோது வான்பரப்பை மூடி, வந்தவர்கள் வந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். 2023 ஒக்டோபரில் போர் தொடங்கியதிலிருந்தே அந்தப் பக்கத்து யாத்திரைகள் அடிக்கடி நின்று நின்றுதான் நடக்கின்றன. பயணம் ரத்தானால் காசு எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குவதும் நல்லது. அது வைத்தியர் சொல்ல வேண்டிய விஷயம் இல்லைத்தான், ஆனால் காசுக் கவலையிலும் பிறஷர் ஏறும்.

அடுத்தது யாரும் வாய் திறந்து கேட்காத விஷயம். வயதான பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ரொயிலெற் எங்கே வரும் என்று தெரியாததால், காலையிலிருந்தே தொண்டையை நனைக்காமல் இருப்பார்கள். சலக் குளிசையையும் யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். வெயிலில் மயங்கி விழுபவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். சலக் குளிசையைப் பஸ் நாட்களில் காலையில் போடாமல், பின்னேரம் ஹோட்டலுக்குத் திரும்பியதும் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். பெரியவர்களுக்கான பம்பஸ் பாவிப்பதில் வெட்கம் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பஸ் நிறுத்த வேண்டும் என்று புறப்படுமுன்னரே கேட்டு உறுதி செய்யுங்கள். உங்கள் அம்மாவுக்கு மட்டுமல்ல, அந்தப் பஸ்ஸில் பாதிப்பேருக்கு அது தேவைப்படும்.

நேர்த்தி வைத்து நோன்பு இருப்பாரோ என்றும் எனக்கொரு சந்தேகம். இதில் திருச்சபைச் சட்டமே என் பக்கம் நிற்கிறது. 59 வயது நிறைந்தவருக்கு நோன்புக் கடமை இல்லை. நற்கருணை வாங்குமுன் ஒரு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதிலிருந்தும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. நான் சொன்னால் 'சைவக்கார டொக்டருக்கு என்ன தெரியும்' என்பார். உங்கள் சுவாமியாரைக் கொண்டு சொல்லுங்கள்.

'செத்தாலும் பரவாயில்லை' என்கிறாரே, அதற்கு வருகிறேன். அந்த வார்த்தையை நான் மதிக்கிறேன், பரிகசிக்கவில்லை. ஆனால் ஒரு வைத்தியராக அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் பயணத்தில் சாவது அவ்வளவு சுலபம் இல்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் சுலபம். அப்படியானால் மொழி தெரியாத ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன், இரண்டு மூன்று கிழமை, பக்கத்தில் இருக்க ஒரு ஆள், படுத்தபடி திரும்பி வர விமானத்தில் தனி ஏற்பாடு. கோஷ்டியின் மிச்சப் பயணமும் குழம்பும். அம்மா தன் உயிரைப் பற்றித்தான் பேசுகிறார், விழுந்தால் சுமக்கப் போகிறவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. இதை அக்கா சண்டையாகச் சொன்னால் ஏறாது, நீங்கள் ஆறுதலாகச் சொல்லிப் பாருங்கள். அத்தோடு, பயணக் காப்புறுதியில் முன்பே உள்ள வருத்தங்களுக்கும் செலவு கிடைக்குமா என்று சின்ன எழுத்தையும் வாசியுங்கள். வருத்தத்தை மறைத்து எடுத்த காப்புறுதி தேவையான நாளில் காசு தராமல் போகலாம்.

இதே காரணத்துக்காகத்தான் கூட்டிப் போகிறவரிடம் மறைக்கக் கூடாது என்கிறேன். பஸ்ஸில் மைக் போட்டுச் சொல்லத் தேவையில்லை. பொறுப்பாளருக்கும் அறைத் துணைக்கும் தெரிந்தால் போதும். 'சீனியும் முழங்காலும் இருக்கிறது, சீனாய் ஏறமாட்டா, ஒலிவ மலை இறங்கமாட்டா, மற்றதெல்லாம் வருவா' என்று நீங்களே முந்திச் சொன்னால் அவருக்கும் நிம்மதி. அப்படிச் சொல்லியும் பெயரை வெட்டுகிறவர் என்றால், அவசரத்தில் அவர் எப்படி உதவுவார்? வேறு கோஷ்டி பாருங்கள்.

நீங்களும் கூடப் போக வேண்டுமா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் இருக்கிறது. போக வேண்டும், அல்லது அக்கா போக வேண்டும். இரவு இன்சுலின் போடுகிற, முழங்கால் ஏலாத ஒருவரைத் தனியே அனுப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டேன். அண்ணாவிடம் இரண்டாவது ரிக்கெற்றுக்குக் காசு இல்லையென்றால் எகிப்தை வெட்டிய குறுகிய யாத்திரை ஒன்றைத் தேடுங்கள். அக்காவையே துணையாக அனுப்பினால் எதிர்ப்பும் பாதி அடங்கும் என்பது என் குறுக்குப் புத்தி.

அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இத்தனை இடத்திலும் எந்த மூன்று இடத்தில் கட்டாயம் முழந்தாளில் இருக்க வேண்டும்? அந்த மூன்றுக்குத்தான் முழங்காலைச் சேமிக்க வேண்டும். மற்ற இடங்களில் கதிரையில் இருக்கலாம், பஸ்ஸிலும் இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. யோர்தான் ஆற்றில் போத்தலில் தண்ணீர் பிடித்து வந்து வீட்டில் வருத்தக்காரருக்குக் குடிக்கக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லும் அந்தக் கீழ்ப் பகுதியில் ஆறு கழிவுநீரும் தோட்டத்து மருந்தும் கலந்து ஓடுகிறது. அதைக் குடிக்கவும் கூடாது, கண்ணில் விடவும் கூடாது. அம்மாவின் காலில் புண்ணோ கொப்புளமோ இருந்தால் ஆற்றில் கால் வைக்கவும் வேண்டாம். முழங்காலில் இரண்டு சொட்டுப் பூசுவேன் என்றால், தோலில் கீறல் இல்லாவிட்டால் பூசட்டும். அதற்காகப் பரசிற்றமோலை மட்டும் நிறுத்த வேண்டாம்.